ஸெனித் பலூன், 1875: ஆக்சிஜன் கூடவே இருந்தும் இருவர் இறந்தது எப்படி? ஒரு நிகழ்வு ஆய்வு

நடந்தது என்ன

1875 ஏப்ரல் 15 அன்று காலை 11:35 மணிக்கு, பாரிஸின் லா வில்லெத் எரிவாயு ஆலையிலிருந்து மூன்று பேர் ‘ஸெனித்’ என்ற பலூனில் கிளம்பினார்கள். மாலை நான்கு மணி வாக்கில், சுமார் 250 கிலோமீட்டர் தள்ளி, சிரோன் என்ற கிராமத்துக்கு அருகே பலூன் தரை தொட்டது. அப்போது ஒருவர் மட்டுமே உயிரோடு இருந்தார். இறந்தவர்கள் கீழே விழவில்லை. பலூன் தீப்பிடிக்கவும் இல்லை. காற்று மெலிந்த உயரத்தில் ஆக்சிஜன் போதாமல் இறந்தார்கள். அதே கூடையில், தலைக்கு மேலேயே, சுவாசிப்பதற்கான ஆக்சிஜன் பைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

விமான மருத்துவம் படிப்பவர்களுக்கு இந்தக் கதையை ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள்: “நேரத்துக்கு ஆக்சிஜன் எடுக்கவில்லை, இறந்துபோனார்கள்.” தவறில்லை. ஆனால் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால் அந்த வரி பதில் சொல்லாது. பிழைத்தவர் விட்டுச்சென்ற குறிப்பேடும், கூடையில் இருந்த கருவிகளும் கிட்டத்தட்ட நிமிட வாரியாக நமக்குத் தடயம் தருகின்றன. இந்த ஆய்வு அவற்றை வரிசையாகப் பார்க்கிறது. மூவரையும் பெயர் சொல்லாமல் மாலுமி, பொறியாளர், வேதியியலாளர் என்றே குறிப்பிடுகிறேன். பலூனை ஓட்டும் பொறுப்பு முன்னாள் கடலோடியான மாலுமிக்கு. நிறமாலைக் கருவி பொறியாளரிடம். பதிவுகள் வேதியியலாளர் கையில்.

பின்னணி

உயரம் ஆளைச் சாய்க்கும் என்பது அன்று புதுச் செய்தி அல்ல. 1862 செப்டம்பர் 5 அன்று இங்கிலாந்தில் இருவர் பலூனில் ஏறியபோது, அளவீடு எடுத்துக்கொண்டிருந்தவருக்கு முதலில் கை அசையாமல் போனது, பிறகு பார்வை மங்கியது, கடைசியில் நினைவு தப்பியது. கூட இருந்தவருக்கோ கைகள் குளிரில் விறைத்துவிட்டன. வாயுவை வெளியேற்றும் வால்வின் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்து பலூனை இறக்கினார். இருவரும் பிழைத்தார்கள். ஆபத்து வந்தாலும் கடைசி நேரத்தில் எதையாவது செய்து தப்பிவிடலாம் என்ற நம்பிக்கையை அந்தப் பிழைப்பு விட்டுச்சென்றிருக்க வேண்டும்.

காரணம் என்ன என்பதில்தான் குழப்பம். குளிர் என்றார்கள், களைப்பு என்றார்கள், உடலை அழுத்தும் காற்றின் பாரம் குறைவதால் ரத்தநாளங்கள் பொங்குகின்றன என்றும் சொன்னார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் சோர்போன் பல்கலைக்கழகத்தின் உடலியங்கியல் பேராசிரியர் பால் பெர்ட். இரும்புத் தகட்டால் ஆன பெரிய உருளைக்குள் உயிரினங்களை வைத்து, பம்பால் காற்றை உறிஞ்சி, அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தார். அழுத்தம் வெகுவாகக் குறைந்தாலும், சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கைக் கூட்டிக்கொண்டே போனால் உயிர் தாங்குகிறது என்று கண்டார். காற்றின் மொத்த அழுத்தம் அல்ல, அதில் ஆக்சிஜனுக்குரிய பகுதி அழுத்தமே உயிரைத் தீர்மானிக்கிறது. உயர உடலியலுக்கு இன்றும் இதுவே அடிப்படை.

பெர்ட் தானே உருளைக்குள் உட்கார்ந்தும் பார்த்தார். ஒருமுறை, ஒரு நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குத் தன் நாடியை எண்ணினார். அதை மூன்றால் பெருக்கி எழுத வேண்டும். பெருக்க வரவில்லை. வந்த எண்ணை அப்படியே எழுதி வைத்துவிட்டார். பேராசிரியருக்கே மூன்றாம் வாய்ப்பாடு தவறியது. அவர் மயங்கவில்லை, மூச்சுத் திணறவில்லை, உட்கார்ந்துதான் இருந்தார். ஸெனித் நிகழ்வைப் புரிந்துகொள்ள இந்தச் சின்னக் குறிப்பு போதும் என்றுகூடச் சொல்லலாம்.

1874 மார்ச் மாதத்தில் மாலுமியும் பொறியாளரும் அதே உருளைக்குள் சென்று பயிற்சி எடுத்தார்கள். அழுத்தம் குறையக் குறைய உதடு கறுப்பதும், கண் இருட்டுவதும், இரண்டு இழுப்பு ஆக்சிஜன் எடுத்ததும் எல்லாம் தெளிவதும் அவர்களுக்கு நேரடி அனுபவம். மார்ச் 22 அன்று வேறொரு பலூனில் 7,300 மீட்டர் வரை ஏறினார்கள். அங்கும் அப்படியே: சோர்வு வரும்போது இழுத்தால் தெம்பு திரும்பியது.

அந்த இரண்டு அனுபவங்களிலிருந்தும் அவர்கள் கற்ற பாடம் ‘தேவைப்படும்போது எடுத்தால் போதும்’ என்பது. உருளையில் அது பலித்தது. கண்ணாடி வழியே உள்ளே பார்த்துக்கொண்டு, தெளிந்த மூளையோடு, வெளியே ஆட்கள் நின்றார்கள் என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை.

தயாரிப்பும் ஒரு கடிதமும்

ஸெனித் 3,000 கன மீட்டர் கொள்ளளவுள்ள பெரிய பலூன். நோக்கம் அறிவியல்: உயரே காற்றில் கரியமில வாயு எவ்வளவு, நீராவி எவ்வளவு, வெப்பநிலை எப்படி மாறுகிறது என்று அளப்பது. கரியமில வாயுவுக்காகக் காற்றை இழுத்துத் தரும் கனமான உறிஞ்சி ஒன்று கூடையின் வெளிப்புறம் கட்டப்பட்டிருந்தது. இவற்றோடு, முத்திரையிட்ட பெட்டி ஒன்றில் சில பாரமானிக் குழாய்களையும் வைத்தார்கள். பயணத்தில் அழுத்தம் எவ்வளவு தாழ்ந்தது என்பதை, யாரும் பார்க்காமலேயே, இவை தமக்குள் பதித்து வைத்துக்கொள்ளும்.

சுவாசத்துக்கு மூன்று சிறு பைகளில் 70 சதவீத ஆக்சிஜன் கலந்த காற்று. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குழாய். குழாயைக் கையால் பிடித்து வாயில் வைத்து இழுக்க வேண்டும்.

கிளம்புவதற்குச் சில நாள் முன்பு, பாரிஸில் இல்லாத பெர்ட்டுக்குப் பொறியாளர் திட்டத்தை எழுதி அனுப்பினார். பெர்ட் பதில் எழுதினார்: அந்த உயரத்தில் செயற்கைச் சுவாசம் தவிர்க்க முடியாதது; மூன்று பேருக்கு நிமிடத்துக்குக் குறைந்தது 20 லிட்டர் செலவாகும் என்று கணக்கு வையுங்கள்; உங்கள் கையிருப்பு எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று பாருங்கள். கடிதம் வந்து சேர்வதற்குள் பலூன் கிளம்பிவிட்டது.

வாயு குறைவு என்பது அவர்களுக்கும் தெரிந்தே இருந்தது. அதனால் எடுத்த முடிவு: தொடர்ந்து சுவாசிக்க வேண்டாம், உண்மையில் தேவை என்று தோன்றும்போது மட்டும் எடுப்போம். தரையில் உட்கார்ந்து பார்த்தால் இது சிக்கனமான, பொறுப்பான முடிவாகவே தெரியும்.

ஏற்றம்: குறிப்பேட்டிலிருந்து

மதியம் ஒரு மணிக்கு மேல் வேதியியலாளரின் குறிப்புகள் சுருங்கத் தொடங்குகின்றன. கைகள் ஐஸாகிவிட்டன என்று எழுதுகிறார். நான் நலம், நாங்கள் நலம். அடிவானத்தில் மூட்டம். மேலே போகிறோம். பொறியாளருக்கு மூச்சு வாங்குகிறது. ஆக்சிஜன் இழுக்கிறோம். மாலுமி கண்ணை மூடுகிறார். பொறியாளரும் கண்ணை மூடுகிறார்.

‘நாங்கள் நலம்’ என்பதற்கும் ‘கண்ணை மூடுகிறார்’ என்பதற்கும் நடுவே சில வரிகள்தான். எழுதியவர் இரண்டையும் முரணாகப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1:20க்கு அழுத்தம் 320 மி.மீ. பாதரசம் (கடல்மட்டத்தில் 760), ஏறக்குறைய 7,000 மீட்டர். சற்று நேரத்தில் மாலுமி, மணல் மூட்டை நிறைய மிச்சமிருக்கிறது, தள்ளிவிடவா என்று கேட்டார். பாரம் குறைந்தால் பலூன் இன்னும் ஏறும். உங்கள் விருப்பம் என்றார் வேதியியலாளர். பொறியாளர் பலமாகத் தலையை ஆட்டினார். கூடைக்கு வெளியே கயிற்றில் தொங்கிய மூட்டைகளில் மூன்றை மாலுமி அறுத்துவிட்டார். 1:25க்கு வெப்பநிலை மைனஸ் 11, அழுத்தம் 300. ‘மாலுமி மணல் வீசுகிறார்’ என்று ஒரு வரி. அதே வரி இன்னொரு முறை. எழுத்து படிக்க முடியாதபடி கிறுக்கலாக இருக்கிறது.

அந்த நேரத்து நிலையை அவர் பின்னர் விவரித்தார். வலி இல்லை. மாறாக, உள்ளே ஒரு மகிழ்ச்சி, சுற்றிலும் கொட்டும் வெளிச்சத்தின் விளைவு போல. ஆபத்து பற்றிய நினைப்பே இல்லை, ஏறுவதில் சந்தோஷம். பிறகு ஆக்சிஜன் குழாயைப் பிடிக்க நினைத்தார். கை எழவில்லை. மூளை தெளிவாக இருப்பதாகவே பட்டது. கண் பாரமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தது: 290, பிறகு 280. “எட்டாயிரம் மீட்டர்” என்று கத்த வாயெடுத்தார், நாக்கு அசையவில்லை. சுமார் 1:30க்கு நினைவு போயிற்று.

1:30 முதல் 3:30 வரை

2:08க்கு அவர் கண் விழித்தபோது பலூன் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. மற்ற இருவரும் கூடையின் அடியில் மயங்கிக் கிடந்தார்கள். அவர் செய்த முதல் காரியம், ஒரு மணல் மூட்டையை அறுத்து இறக்கத்தைத் தணித்தது. அதைக் குறிப்பேட்டில் எழுதவும் செய்தார்: அழுத்தம் 315, இறங்குகிறோம், மிக வேகமாக இறங்குகிறோம். மீண்டும் தளர்ந்து விழுந்தார்.

சற்று நேரத்தில் யாரோ தோளை உலுக்கினார்கள். பொறியாளர் விழித்திருந்தார். இறங்குகிறோம், பாரத்தைத் தள்ளு என்றார். வேதியியலாளரால் கண்ணைத் திறக்கத்தான் முடிந்தது. பொறியாளர் அந்தக் கனமான உறிஞ்சியைக் கழற்றி வெளியே எறிவதைப் பார்த்தது நினைவிருக்கிறது. மணல், கம்பளிகள், கைக்குக் கிடைத்த எல்லாம் போயின. பாரம் குறைந்த பலூன் மறுபடி ஏறியது.

மூன்றரை மணிக்கு வேதியியலாளர் மீண்டும் விழித்தபோது பலூன் அஞ்சத்தக்க வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது, கூடை ஊசலாடியது. முழங்காலால் ஊர்ந்துபோய் இருவரையும் பெயர் சொல்லி இழுத்தார். இருவரும் தலையைப் பயணக் கம்பளிக்குள் புதைத்தபடி குந்தியிருந்தார்கள். மாலுமியின் முகம் கறுத்திருந்தது, வாயில் ரத்தம். பொறியாளருக்கும் வாயில் ரத்தம். பிறகு அவர் ஒற்றை ஆளாகப் பலூனைத் தரையிறக்கினார். அவரது காதுகள் பழைய நிலைக்கு வரவேயில்லை.

முத்திரையிட்ட பெட்டியைப் பிற்பாடு சோர்போன் ஆய்வகத்தில் திறந்தார்கள். குழாய்கள் காட்டிய மிகக் குறைந்த அழுத்தம் 264 முதல் 262 மி.மீ.; அதாவது சுமார் 8,600 மீட்டர். முதல் ஏற்றத்திலா இரண்டாவதிலா என்று குழாய் சொல்லாது. ஆனால் கூடையில் மூளை உள்ள மூவரும் எழுதுவதை நிறுத்திய பிறகும் எழுதிக்கொண்டிருந்தது அந்தக் கண்ணாடிக் குழாய்கள்தான்.

உடலில் நடந்தது: ஒரு சிறு கணக்கு

கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 760 மி.மீ. உள்ளிழுத்த காற்று நுரையீரலை அடையுமுன் ஈரமாகிவிடுவதால் நீராவிக்கு 47 மி.மீ. கழிக்க வேண்டும். மிச்சத்தில் 21 சதவீதம் ஆக்சிஜன்: ஏறத்தாழ 150 மி.மீ. குறிப்பேடு நின்ற 300 மி.மீ. உயரத்தில் இதே கணக்கு 53 தருகிறது. குழாய்கள் பதித்த 262 மி.மீ. உயரத்தில் 45. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இப்போது 21க்குப் பதில் பையில் இருந்த 70 சதவீதத்தைப் போட்டுப் பாருங்கள். 300 மி.மீ. உயரத்தில் 177, பாரிஸ் தெருவில் கிடைத்ததைவிட அதிகம். 262 மி.மீ. உயரத்தில் 150, பாரிஸ் தெருவில் கிடைத்த அதே அளவு. குழாய் வாயில் இருந்திருந்தால், வெளிக்காற்று கலக்காமல் இழுத்திருந்தால், பயணத்தின் உச்சியிலும் அவர்களின் நுரையீரல் தரையில் இருப்பதாகவே நினைத்திருக்கும். கலவையில் குறையில்லை. அளவில் குறை இருந்தது; அதைவிட, எப்போது எடுப்பது என்ற விதியில் இருந்தது.

1978இல் இருவர் செயற்கை ஆக்சிஜன் இல்லாமல் எவரெஸ்ட் உச்சியை எட்டினார்கள். 1981இல் அந்த உச்சியில் அளந்த அழுத்தம் 253 மி.மீ.; ஸெனித்தின் உச்சத்தைவிடக் குறைவு. முரண் ஒன்றும் இல்லை. மலையேறிகள் வாரக்கணக்கில் உயரத்துக்குப் பழகியவர்கள். அதிக மூச்சு, மாறிய ரத்தம் என்று உடல் ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. பலூனில் போனவர்கள் தரையிலிருந்து 300 மி.மீ. அழுத்தத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குள் போய்விட்டார்கள்.

முடிவுகள் தவறிய இடங்கள்

தேவை என்று தோன்றும்போது ஆக்சிஜன் எடுப்போம் என்ற விதிதான் அடிப்படைப் பிழை. ஆக்சிஜன் குறையும்போது முதலில் மங்குவது, தேவையை உணரும் திறன். தாகம் வந்தால் தண்ணீர் கேட்கும் உடம்பு, இதற்கு அப்படிக் கேட்பதில்லை. கரியமில வாயு சேர்ந்தால்தான் மூச்சு முட்டும் உணர்வு கடுமையாக வரும். மெலிந்த காற்றில் வேகமாக மூச்சுவிடும்போது அது வெளியேறிவிடுகிறது. எனவே திணறல் இல்லை, இதமான மயக்கம்தான்.

இரண்டாவது, மணல் மூட்டை. வெளியிலிருந்து பார்த்தால் அது முறையான கலந்தாலோசனை: ஒருவர் கேட்டார், ஒருவர் சம்மதித்தார், ஒருவர் தலையாட்டினார். ஆனால் ஓட்டுப் போட்ட மூன்று மூளைகளும் ஒரே அளவில் பட்டினி கிடந்தன. சரிபார்க்க இன்னொருவர் இருப்பது பாதுகாப்பு என்று நாம் நம்புகிறோம். எல்லோரும் ஒரே காற்றைச் சுவாசிக்கும் இடத்தில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதுவும் மீட்க முடியாத முடிவு. வீசிய மணலைத் திரும்ப எடுக்க முடியாது.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது மூன்றாவது. 2:08க்கு வேதியியலாளரும், அதன் பின் பொறியாளரும் விழித்ததும் செய்தது ஒரே காரியம்: இறக்கத்தைத் தடுத்தார்கள். அப்போது அவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அந்த இறக்கம்தான். விழித்ததற்கே காரணம் இறங்கியதுதான். ஆனால் பலூன்காரருக்கு வேகமான இறக்கம் என்றால் அபாயம், பாரத்தைத் தள்ளு என்பது கைப்பழக்கம். யோசனை அணைந்த பிறகும் கைப்பழக்கம் வேலை செய்கிறது. மங்கிய மூளையை ‘ஒன்றும் செய்யாத மூளை’ என்று நினைப்பது தவறு. அது சுறுசுறுப்பாக, பழகியதை, தவறான இடத்தில் செய்யும். பொறியாளர் மயங்கியே கிடந்திருந்தால் பிழைத்திருக்கலாம்.

வேதியியலாளர் மட்டும் ஏன் பிழைத்தார் என்பதற்கு அவர் தன் உடல்வாகையே காரணமாகச் சொன்னார். ஆளுக்கு ஆள் தாங்குதிறன் மாறும் என்பதற்கு மேல் இதிலிருந்து எதையும் எடுக்க முடியாது.

பின்விளைவுகள்

பெர்ட் தன் ஆய்வுகளை 1878இல் பெரிய நூலாக வெளியிட்டார். ஸெனித் அதில் முக்கியச் சான்று. ஆயினும் உயரே ஏறும் ஆசை ஓயவில்லை. 1901இல் பெர்லினிலிருந்து இருவர் ஆக்சிஜனோடு 10,000 மீட்டருக்கும் மேல் போய், இருவருமே நினைவிழந்தார்கள். அதற்கு முன் ஒருவர் வால்வுக் கயிற்றை இழுத்திருந்ததால் பலூன் தானே இறங்கி, இருவரும் உயிர் தப்பினார்கள். ஸெனித்தில் நடந்ததற்கு நேர் எதிர்: இங்கே கடைசி நல்ல நிமிடத்தில் செய்த காரியம் இறக்கத்தின் பக்கம் இருந்தது. வாயால் பிடிக்கும் குழாய் போய், முகத்தில் கட்டும் முகமூடி வந்ததும் இந்த வகை அனுபவங்களால்தான். மயங்கியவர் குழாயை நழுவவிடுவார். கட்டிய முகமூடி நழுவாது.

அளவீட்டு வேலைக்கு மனிதன் போகத்தான் வேண்டுமா என்ற கேள்வியும் எழுந்தது. 1890களில் பிரான்ஸில் கருவிகளை மட்டும் சுமந்த பலூன்களை அனுப்பத் தொடங்கினார்கள். 1902இல் அடுக்குமண்டலம் கண்டறியப்பட்டது அப்படிப்பட்ட ஆளில்லாப் பலூன்களின் பதிவுகளால்.

விதிகளும் உணர்விலிருந்து எண்ணுக்கு மாறின. அமெரிக்க விதிப்படி, கேபின் அழுத்தம் 12,500 அடிக்கு மேலான உயரத்துக்குச் சமமாக 30 நிமிடம் தாண்டினால், 14,000 அடிக்கு மேல் என்றால் உடனே, விமானி ஆக்சிஜன் எடுத்தே ஆக வேண்டும். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அவர் நினைப்பது கணக்கில் வராது.

அப்படியும் ஓட்டை இருந்தது. 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸிலிருந்து ஏதென்ஸுக்குக் கிளம்பிய விமானத்தில், கேபின் அழுத்தம் விழுந்ததற்கான எச்சரிக்கை ஒலி சரியாகவே ஒலித்தது. புறப்பாட்டு அமைப்பில் கோளாறு என்பதற்கும் அதே ஒலிதான். விமானிகள் அதுவென்று எடுத்துக்கொண்டார்கள். மெலிந்த காற்று கருவிகளின் குளிர்விப்பையும் பாதித்ததால் அதற்கான விளக்கும் எரிந்து, கவனம் அந்தப் பக்கம் போயிற்று. அழுத்தக் கட்டுப்பாடு தானியங்கியில் இருக்கிறதா என்று தரையிலிருந்து விமான நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் கேட்டார். விமானி குளிர்விப்புக்கான சர்க்யூட் பிரேக்கர் எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார். 121 பேர் இறந்தார்கள். இரண்டு எச்சரிக்கைகளுக்கும் தனித்தனி விளக்கு பொருத்த வேண்டும் என்ற உத்தரவு, அந்த ரகத்தின் பழைய விமானங்களுக்கு, 2011இல் வந்தது.

அதே பயணத்தை இன்று திட்டமிட்டால்

ஆக்சிஜனைத் தொடங்கும் இடத்தைப் பாரமானியின் எண்ணாக எழுதி, அதைத் தொட்டதும் மூவரும் முகமூடி கட்ட வேண்டும்; இறங்கி அதே எண்ணைத் தாண்டும்வரை கழற்றக் கூடாது. மணலை எவ்வளவு வீசுவது, எந்த அழுத்தத்துக்குக் கீழே ஒரு மூட்டையைக்கூடத் தொடக் கூடாது என்பதைத் தரையிலேயே முடிவு செய்ய வேண்டும். அந்த உயரத்தில் கண் விழிப்பவர் இறக்கத்தைத் தடுக்கக் கூடாது என்பதைத் தனியாகப் பயிற்றுவிக்க வேண்டும். சொன்னால் போதாது, கைப்பழக்கத்தைக் கைப்பழக்கத்தால்தான் மாற்ற முடியும்.

வாயு குறைவு என்றால் சுருக்க வேண்டியது உயரத்தை, சுவாசத்தை அல்ல. பெர்ட் சொன்ன நிமிடத்துக்கு 20 லிட்டரால் கையிருப்பை வகுத்தால், மேலே எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று கிடைத்திருக்கும். அந்த வகுத்தலைச் செய்யச் சொல்லித்தான் அவர் எழுதியிருந்தார். இந்தக் கேள்விக்கு அன்று ஐரோப்பாவில் சரியான பதில் சொல்லக்கூடிய ஆளிடம்தான் அவர்கள் கேட்டிருந்தார்கள். அவர் பதில் கைக்கு வரும்வரை பலூனில் வாயு நிரப்பியிருக்கக் கூடாது.